மலையாட்டு வேட்டைக்குப் போன நாலாவது ஆள்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பரம்பரையிலேயே முதன்முதல் படித்தவளுக்குத் தலை கொஞ்சம் கனக்காமல் வேறு எது கனக்கும்?

யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் எங்கள் ஊர். அங்கே படிப்பு ஏறாத பிள்ளையைப் பார்த்து வாத்தியார்மார், "நீ ஆடு மேய்க்கத்தான் சரி" என்று ஏசுவார்கள். அப்பாவுக்கும் அப்படி ஏசினார்களாம். வீட்டில் ஏற்கெனவே ஆடுகள் நின்றபடியால் அப்பா அதை ஏச்சாக எடுக்கவில்லை. ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, சிலேற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்தைத் தேர் பார்க்கப் போகும் வழியில் கண்டதோடு சரி. அண்ணை எட்டாம் வகுப்பில் பந்து விளையாடி முடித்துக்கொண்டு வெளியே வந்தவர். நான் ஒருத்திதான் ஏ.எல். சோதனை வரைக்கும் படித்தேன். இங்கிலிஷ் பாடத்தில் மிகத் திறமைச் சித்தி. (இதை இந்தக் கட்டுரையில் இனிச் சொல்ல மாட்டன். ஒருக்காச் சொன்னால் காணும்.)

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ரொறொன்ரோ வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் குடியேறினோம். அப்பா ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவினார். அண்ணை ஊறுகாய் ஃபக்ரறியில் போத்தல்களுக்கு மூடி பூட்டினார். எனக்கு மில்லிக்கன் பக்கம், கதவுப்பிடியும் பிணைச்சலும் செய்கிற ஒரு சின்னக் கொம்பனியில் கந்தோர் வேலை கிடைத்தது. கதிரையில் இருந்து சம்பளம் எடுக்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார்: "என்ரை மகள் மனேஜருக்கு அடுத்த ஆள்." உண்மையில் மனேஜருக்கு அடுத்து இருந்தது என் மேசை. நான் அதில் இருந்தேன். அவ்வளவுதான் பொருத்தம்.

அதுவும் தற்காலிக வேலை. கொஞ்ச மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அண்ணைக்கு இது நல்ல வசதி. சாப்பாட்டு நேரத்தில் தொடங்குவார்.

"எங்கடை லைனில ஒரு இடம் காலியாக் கிடக்கு. சூப்பர்வைசரிட்டைச் சொல்லி வைக்கட்டோ?"

"தேவையில்லை."

"பிறகு வந்து கேட்டால் இராது. மூடி பூட்டுறதுக்கும் இங்கிலிஷ் தேவைதான். போத்தலில எழுதியிருக்கும்."

இப்படியான நிலைமையில்தான் எங்கள் முதலாளி மிஸ்டர் பார்லோ ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பெருத்த உடம்பு, சிவந்த முகம், நல்ல மனம். இருபது வருஷமாக அவருக்கு ஒரே கனவு. மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், வெள்ளை வெளேரென்று ஒரு மலையாடு நிற்குமாம். அதை வேட்டையாட வேண்டுமாம். இந்த இலையுதிர் காலத்தில் மச்சான் ரெஜ்ஜோடு போகப் போகிறாராம்.

"எல்லாவற்றையும் நீயே ஒழுங்கு செய்," என்றார். "இது சரியாக முடிந்தால் உன் வேலையைப் பற்றிப் பேசலாம்."

நான் என் மேசைக்கு வந்து இருந்து யோசித்தேன். தலைமுறை தலைமுறையாக ஆட்டுக்குப் பின்னால் நடந்த குடும்பம். அதிலிருந்து தப்புவதற்காக என்னைப் படிப்பித்தார்கள். நான் படித்து, கடல் தாண்டி, கதிரையில் ஏறி இருந்தவுடன் வந்த முதல் பெரிய வேலை ஆடு.

பரவாயில்லை. ஆடென்றாலும் இங்கிலிஷ் ஆடு.

ஹாங்க் என்ற வேட்டை வழிகாட்டியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தேன். உரலில் செத்தல் மிளகாய் இடிப்பதுபோல ஒரு குரல்.

"உன் ஆட்கள் எந்த இடம்?"

"ரொறொன்ரோ."

"அப்படியானால் வெளியாட்கள்."

"இல்லையில்லை. இரண்டு பேரும் கனடாவிலேயே பிறந்தவர்கள்."

"எங்கே பிறந்தாலும் எனக்கென்ன? இந்த மாகாணத்தில் குடியிருக்கவில்லை. நொன் ரெசிடென்ற். வழிகாட்டி இல்லாமல் மலையாட்டைத் தொட ஏலாது. அதுதான் சட்டம்."

போனை வைத்தபின் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கனடாவுக்கு வந்த நாள் தொடங்கி, எந்தக் கவுண்டருக்குப் போனாலும் நான்தான் வெளியாள். இப்போது பாட்டன் காலத்திலிருந்து ரொறொன்ரோவில் இருக்கிற மிஸ்டர் பார்லோவும் கனடாவுக்குள்ளேயே வெளியாள். ஓடாத குறையாகப் போய்ச் சொன்னேன்.

"சேர், நீங்கள் நொன் ரெசிடென்ற்."

"அதை ஏன் சிரித்துக்கொண்டு சொல்கிறாய்?" என்றார்.

அதற்குப் பிறகு ஹாங்கோடு பல தரம் பேசினேன். லைசென்ஸ், விமானம், அதிலிருந்து இறங்கி ஏறவேண்டிய, தண்ணீரில் இறங்குகிற ஏரி விமானம், கூடாரம், குளிருடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு நாள், "கிடாயைத்தான் சுடவேண்டும். மறி ஆட்டைச் சுட்டால் எனக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் கொம்பு இருக்கும், தூரத்தில் நிற்கும். உன் ஆட்களுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டார்.

"அது லேசு," என்றேன். "மூத்திரம் பெய்யும்போது பார்த்தால் சரி. மறியென்றால் பின்பக்கத்தைப் பதித்துக் குந்தும். கிடாய் அப்படிக் குந்தாது."

பிறகு ஹாங்க் மெதுவாகக் கேட்டார்: "நீ எங்கே வேலை செய்வதாகச் சொன்னாய்?"

"கதவுப்பிடி கொம்பனியில்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், முழுக் கந்தோரும் ரைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தியபடி பென்சில் சீவினேன்.

வீட்டில் அப்பாவுக்கு இந்த வேட்டையின் அடிப்படையே விளங்கவில்லை.

"ஆட்டைச் சுட பிளேனில போகினமோ?"

"ஓமப்பா. பெரிய பிளேன், பிறகு சின்னப் பிளேன், பிறகு நடை."

"அதுக்குப் பிறகு வழி காட்ட வேறை ஒராள்."

"சட்டம் அப்பா."

"ஆடு ஆரின்ரை?"

"ஒருத்தரின்ரையும் இல்லை. காட்டாடு."

அப்பா யோசித்தார். "ஒருத்தரின்ரையும் இல்லாத ஆட்டுக்கு இவ்வளவு சட்டமோ! எங்கடை ஆடு வேலி பாய்ஞ்சு அயலட்டையோடையெல்லாம் அடிபட்டுச் செத்தம், ஒரு சட்டமும் வந்து எட்டிப் பாக்கேல்லை."

"ஒரு கொப்புக் குழையைக் கட்டித் தூக்கிக் காட்டினால் தானா இறங்கி வரும்," என்றார் அண்ணை. "உதுக்கேன் துவக்கு?"

இவர்களோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று நான் எழும்பிப் போய்விட்டேன். (படிச்ச ஆக்களுக்கு வீட்டில ஆறுதல் இல்லை.)

ஹாங்க் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது. "மலை செங்குத்து. உன் ஆட்கள் முதுகில் பாரம் கட்டிக்கொண்டு இப்போதே படி ஏறிப் பழகவேண்டும். இல்லாவிட்டால் மலையிலிருந்து நான் சுமந்துகொண்டு இறங்குவது ஆடாக இராது."

எங்கள் கொம்பனிக் கட்டடத்தில் மாடியே இல்லை. மிஸ்டர் பார்லோவின் வீட்டிலும் படுக்கையறைக்குப் போகிற படி மட்டும்தான். "எங்கள் கட்டடத்தில் பதினாலு தட்டு இருக்கிறது சேர்," என்றேன், ஏதோ நானே கல் அறுத்துக் கட்டினதுபோல.

ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். மிஸ்டர் பார்லோவும், அவரிலும் பெருத்த ரெஜ்ஜும். இருவருக்கும் பச்சை உடுப்பு, முழங்கால் வரை பூட்ஸ், முதுகில் பெரிய பை. லிஃப்ற்றுக்குப் பக்கத்தால் போய்ப் படிக் கதவைத் திறந்து 'தொம் தொம்' என்று ஏறத் தொடங்கினார்கள். நான் மேலே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

கட்டடத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். பலருக்கு அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பச்சை உடுப்பும் பூட்ஸுமாக இரண்டு வெள்ளைக்காரர் படியால் ஏறி வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இங்கிலிஷில் மிகத் திறமைச் சித்தி எடுத்த மூளைக்கு எட்டவில்லை. (மன்னிக்கோணும், திரும்பச் சொல்லிப்போட்டன்.)

முதல் போன் அஞ்சு நிமிஷத்தில் வந்தது. ஐந்தாம் தட்டு அன்ரி.

"பிள்ளை, இமிகிரேஷன் வந்திட்டுது!"

"ஆர் சொன்னது அன்ரி?"

"நான் கண்ணால கண்டனான். லிஃப்ற்றில வந்தால் தெரிஞ்சிடுமெண்டு படியால வாறாங்கள். கதவைத் திறவாதையுங்கோ. தாளிக்கிறதையும் நிப்பாட்டுங்கோ, மணம் காட்டிக் குடுத்திடும்."

நான் விளக்கம் சொல்வதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார். ஏழாம் தட்டில் சேர்ந்திருந்த பெடியள் எல்லாரும் மற்றப் பக்கத்துப் படியால் இறங்கிப் பின்னால் இருந்த பிளாசாவுக்குப் போய்விட்டார்கள். மிஸ்டர் பார்லோவும் ரெஜ்ஜும் மேலே தொட்டுவிட்டுக் கீழே இறங்கி மறுபடியும் ஏறியபோது நிலைமை இன்னும் மோசமானது. "திரும்பவும் வாறாங்கள்! ஆரையோ தேடித்தான் வாறாங்கள்!"

ஒன்பதாம் தட்டு நவரத்தினம் அங்கிள் மட்டும் ஒளியவில்லை. மானமுள்ள மனிதர். தன் வழக்குக் கடுதாசிகளையெல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கோட்டும் மாட்டி, படியின் திருப்பத்தில் போய் நின்றார். மிஸ்டர் பார்லோ மூச்சு வாங்க வாங்க அவரிடம் வந்து சேர்ந்தார்.

"எல்லாம் சரியாக இருக்கு, சேர். பாருங்கோ," என்று அங்கிள் பையை நீட்டினார்.

மிஸ்டர் பார்லோவுக்குப் பேச மூச்சில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடுதாசியைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு மேலே போனார்.

அன்றிலிருந்து நவரத்தினம் அங்கிள் கட்டடத்தில் பெரிய ஆள். "பாத்தவர். முழுக்கப் பாத்திட்டுத் தலையாட்டினவர்," என்று எல்லாருக்கும் சொன்னார். அவருடைய வழக்கு உண்மையாகவே சில மாதத்தில் நல்லபடியாக முடிந்தது. அது மிஸ்டர் பார்லோவால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

நான் இறங்கிப் போய் வீடு வீடாகக் கதவு தட்டி விளங்கப்படுத்திவிட்டு வந்தபோது, இரண்டு பேரும் எங்கள் சோபாவில் விழுந்து கிடந்தார்கள். அம்மா பிளேன்ரீயும் பருப்பு வடையும் வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவங்கள். ஒரு ஆட்டுக்காக என்ன பாடுபடுகினம்! எத்தினை பேர் போகினம் பிள்ளை?"

"இவை ரெண்டு பேர். வழிகாட்டி ஒராள்."

அம்மாவின் முகம் மாறியது. "மூண்டு பேரோ?"

"ஓம்."

"மூண்டு பேரா ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது. போனால் சரிவராது."

"அம்மா, இவை வெள்ளைக்காரர்."

"வெள்ளைக்காரருக்கு மூண்டு எண்டால் நாலோ?"

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மூன்று பேராக வெளிக்கிட வேண்டி வந்தால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கல்தான் நாலாவது ஆள். ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் மடியில் கல்லோடு போனதை நான் கண்டிருக்கிறேன்.

நானும் படித்தவள்தான். அப்படியெல்லாம் நம்பமாட்டேன். ஆனால் நான் படித்த புத்தகங்கள் எதிலும் இதற்கு எதிராகவும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதோடு, வேட்டை சரிவராவிட்டால் ஊறுகாய் லைனில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஒரு கல்லால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பைகளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், ஹாங்க் சொன்ன பொருட்களை வாங்கி நானே அடுக்கி வைக்கவேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடுக்கி முடித்தபின் கீழே போய்ப் பூப்பாத்தியிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்து வந்தேன். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆளோ? இது குழந்தைப்பிள்ளை. அவ்வளவு பெரிய மலைக்கு அனுப்புறாய், ஆள் எண்டால் ஆள் மாதிரி இருக்க வேண்டாமோ?"

அம்மா குசினிக்குள் போய்த் தன் கல்லை எடுத்து வந்தார். லேக் கரையில் பொறுக்கியது. கறுத்த, வழுவழுப்பான கல், சின்னத் தேங்காய் அளவு. வந்த நாளிலிருந்து அதில்தான் உள்ளிப்பூண்டும் இஞ்சியும் தட்டினார்.

"கவனம். அவை திரும்பி வரேக்கை மறக்காமல் வாங்கிக்கொண்டு வா. உப்பிடி ஒரு கல் கைக்கு அமையாது."

"அவையிட்டைச் சொல்லவேணுமோ அம்மா?"

"கல்லுக்குத் தெரிஞ்சால் காணும்."

சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அண்ணையின் பழைய சொக்ஸுக்குள் போட்டு முடிந்து, மிஸ்டர் பார்லோவின் பையில் அடியிலும் அடியாக, அவருடைய கம்பளி உடுப்புகளுக்கு நடுவில் வைத்தேன். அவருக்குப் பாரமாக இருக்குமே என்று மனம் கேட்காமல், ஒரு சோடி சொக்ஸை வெளியே எடுத்துவிட்டேன். அதுதான் என் கணிதம்.

அவர்கள் போனார்கள். நான் கந்தோரில் ராணி மாதிரி இருந்தேன். விமானம் சரி, ஏரி விமானம் சரி, ஹாங்க் கரையில் வந்து நின்றது சரி. இந்தச் சின்ன வயதில், கண்ணாலும் காணாத ஒரு மலைக்கு மூன்று பேரை, இல்லை, நாலு பேரை அனுப்பியிருக்கிறேன்!

ஒரு காலை போன் அடித்தது. மிஸ்டர் பார்லோ.

"யோகா," என்றார். குரல் மிக அமைதியாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். "என் பைக்குள் ஒரு கல் இருந்தது."

நடந்தது இதுதான். முதலில் விடாத மழை. கூடாரத்துக்குள்ளேயே கிடந்தார்கள். மிஸ்டர் பார்லோவின் உடுப்பெல்லாம் ஈரத்தில் ஊற, ஊறிய உடுப்புக்குள் கல்லும் ஊற, வருஷக்கணக்காகக் கல் குடித்திருந்த உள்ளி, இஞ்சி மணம் வெளியே வரத் தொடங்கியிருக்கிறது. மழை விட்டது. விடியக் காலையில் ஏறினார்கள். மத்தியானமளவில், ஒரு பாறை விளிம்பில், வாழ்நாளில் ஒரு முறை மட்டும் காணக்கூடிய கிடாய். வெள்ளை வெளேரென்று, தாடியோடு. கிட்டப் போனார்கள். இன்னும் கிட்ட. மிஸ்டர் பார்லோ துவக்கைத் தோளில் வைத்தார். காற்று மாறியது.

கிடாய் தலையைத் தூக்கி மூக்கை உயர்த்தியதாம். இவரை ஒரு தரம் பார்த்ததாம். பிறகு அவசரமில்லாமல், மனிதர் கால் வைக்க முடியாத ஒரு பக்கத்தால் இறங்கிப் போய்விட்டதாம்.

ஹாங்க் மிஸ்டர் பார்லோவின் பக்கம் திரும்பி முகர்ந்து பார்த்திருக்கிறார். "நீ என்ன சாப்பிட்டாய்?" பிறகு பையை முகர்ந்து, எல்லாவற்றையும் பாறையில் கொட்டியிருக்கிறார். கடைசியாக அண்ணையின் சொக்ஸ் விழுந்தது. அதற்குள் கல். மலையேறுகிறவன் ஒருவன் ரொறொன்ரோவிலிருந்து கல் கொண்டு வந்ததைத் தன் ஆயுளில் காணவில்லை என்று சொல்லி, ஹாங்க் அதைப் பள்ளத்தில் எறிந்துவிட்டார்.

"இது எப்படி என் பைக்குள் வந்தது?" என்று மிஸ்டர் பார்லோ கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல நல்ல வசதி இருந்தது. சின்னப் பிள்ளை யாரோ விளையாட்டுக்குப் போட்டிருக்கலாம். கடையில் வாங்கும்போதே இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை தலைக்கனத்தை வைத்துக்கொண்டு, என் வாயால், 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் பயணத்தில் எனக்குத் தெரியாத ஒன்றும் இல்லையே!

"நான்தான் வைத்தேன், சேர். அது கல் இல்லை. நாலாவது ஆள்."

"திங்கட்கிழமை கந்தோரில் பேசுவோம்," என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது: "கல் எங்கையாம்?"

"மலையில எறிஞ்சுபோட்டினமாம்."

"எறிஞ்சவையோ!" அம்மா நெஞ்சில் கை வைத்தார். "கூடப் போன ஆளையெல்லே எறிஞ்சிருக்கினம்!"

அண்ணை சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தார். "லைனில வேலை செய்யிறதெண்டால் தலைக்குத் தொப்பி கட்டாயம். உன்ரை தலை அளவுக்கு இருக்குமோ தெரியேல்லை. பெரிசா ஒண்டு சொல்லி எடுப்பிக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா அந்தச் சனி ஞாயிறு வெளியே இறங்கவில்லை. கீழே போனால் யாராவது 'மகள் எப்பிடி?' என்று கேட்பார்கள் என்ற பயம். இத்தனை வருஷத்தில் அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் என் கதிரை. அதுவும் போகப் போகிறது.

திங்கட்கிழமை காலை சப்பாத்துப் போடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பொய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையப்பா."

"அப்ப அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ. வேலையால கலைக்கிறதெண்டாலும் ஒரு மரியாதையாக் கலைக்கட்டும்."

நீலச் சட்டையோடு போனேன். மிஸ்டர் பார்லோவின் அறையில் ரெஜ்ஜும் இருந்தார். ஒரு காலில் பெரிய கட்டு, கதிரையில் நீட்டி வைத்திருந்தார்.

"உட்கார்," என்றார் மிஸ்டர் பார்லோ. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டு கேட்டால்தான் எனக்கு உயரம் காணும். "இருபது வருஷம் அந்த ஆட்டுக்காகக் காத்திருந்தேன். உள்ளி மணத்தில் போய்விட்டது. நீ என்ன சொல்கிறாய்?"

"மணம் என் பிழை, சேர். இன்னும் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கல் பிழை இல்லை."

"கல் பிழை இல்லையா?"

"மிஸ்டர் ரெஜ்ஜுக்குக் கால் எப்போது சுளுக்கியது?"

ரெஜ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ரெஜ்ஜைப் பார்த்தார்.

"இறங்கும்போது," என்றார் ரெஜ்.

"ஹாங்க் கல்லை எறிவதற்கு முன்னமோ, பிறகோ?"

"பிறகு," என்று ரெஜ் மெதுவாகச் சொன்னார். "கொஞ்ச நேரத்துக்குப் பிறகு."

"அது தற்செயல்," என்றார் மிஸ்டர் பார்லோ.

"ஓம், சேர். தற்செயலாகத்தான் இருக்கும். ஏறும்போது நாலு பேர். அவ்வளவு மழைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இறங்கும்போது மூன்று பேர்." எனக்கே என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "உங்களை ஆட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. நிறுத்தினேன். அங்கே ஆடு நின்றது. கிடாய்தான் நின்றது. நீங்கள் உயிரோடு வந்து இந்தக் கதிரையில் இருக்கிறீர்கள். அந்தக் கல் எங்கள் அம்மா தினமும் சமைக்கிற கல். வேறு ஒன்று அவவின் கைக்கு அமையாது. அதைத்தான் உங்களுக்குத் தந்துவிட்டார்."

ரெஜ் தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் பார்லோ மேசையில் கிடந்த கடுதாசிகளைத் தன் பக்கம் இழுத்தார்.

"போய் வேலையைப் பார்," என்றார்.

கலைக்கவும் இல்லை, நிரந்தரமாக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போகும்போது இன்றைக்குத்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டு போவேன். பின்னேரம் திரும்பி வருவேன். அப்பா கதவடியில் நின்று என் கையைப் பார்ப்பார், மேசைச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேனா என்று.

இப்படிச் சில கிழமை போனபின், ஒரு நாள் மிஸ்டர் பார்லோ என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். என் பென்சில்களை அடுக்கினார். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு மொன்றியல் போகிறோம். பெரிய ஓடர்."

"தெரியும், சேர். ரிக்கற் நான்தான் எடுத்தேன்."

"மூன்று பேர் போகிறோம்."

"அதுவும் தெரியும், சேர்."

"நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை," என்றார். மறுபடியும் செருமினார். "ரெஜ்தான் பிடிவாதமாக நிற்கிறான். உன்னிடம்... உள்ளி மணக்காத கல் ஏதாவது...?"

நான் ரைப் அடித்துக்கொண்டிருந்த கடுதாசியை மெதுவாக மெஷினிலிருந்து உருவினேன். இதைவிட நல்ல நேரம் என் வாழ்க்கையில் இனி வராது என்று தெரிந்தது.

"அந்த மாதிரி ஒழுங்கெல்லாம் நிரந்தரமாக வேலை செய்கிறவர்கள்தான் செய்யலாம், சேர். தற்காலிக ஆட்கள் ஒரு தரம் செய்து பார்த்துப் பிரச்சினைப்பட்டிருக்கிறார்கள்."

மிஸ்டர் பார்லோ என்னை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்று பின்னேரமே என் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். நான் வெளியே போய், கார் நிறுத்துகிற இடத்தின் கரையில் ஒரு சுத்தமான சாம்பல் நிறக் கல்லாகப் பார்த்து எடுத்து, துடைத்து, ஒரு கடித உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். ஓடர் கிடைத்தது. (கல்லால எண்டு நான் சொல்லமாட்டன். ரெஜ் சொல்லுவார்.)

அடுத்த வருஷம் மறுபடியும் ஹாங்கிடம் ஒழுங்கு செய்தேன். இந்த முறை ரெஜ்ஜின் மனைவியையும் சேர்த்து நாலு பேராகவே அனுப்பினேன். ஆடு கிடைத்தது, கிடாய்தான். ஏரிக்கரையில் ஹாங்க் ஆட்களுக்குக் கை கொடுக்க முன்னம் பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாராம்.

கையெழுத்து வைத்த அன்றைக்கே அப்பா கட்டடத்துக்குள் இறங்கிவிட்டார். "மகள் பேமனன்ற்" என்று ஒவ்வொரு தட்டாகச் சொல்லி முடித்து வர இரவாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. சம்பலில் ருசி கொஞ்சம் குறைந்தாலும், "அந்தக் கல் இருந்திருந்தால்..." என்று தொடங்கி, மேற்குத் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

இப்போது எங்களுக்குப் பிக்கரிங்கில் வீடு இருக்கிறது. வாசலில் அண்ணையின் கார். கோயிலுக்கோ கடைக்கோ அப்பா, அம்மாவோடு மூன்று பேராக வெளிக்கிட்டால் அண்ணை ஸ்ரியறிங்கில் இருந்துகொண்டு தெரு முழுக்கக் கேட்கக் கத்துவார்:

"எங்கை, அந்தக் கல்லைக் கூப்பிடுங்கோ! மூண்டு பேராப் போறம்!"

விருந்தாளிகள் நின்றால் அவர்களுக்கும் முழுக் கதையும் சொல்லப்படும். ஆட்டின் தாடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு போவேன். போய் அப்பாவைப் பின்னுக்கு மாறச் சொல்லிவிட்டு, முன் சீற்றில் நாலாவது ஆளாக ஏறி இருப்பேன்.